மினி டிராக்டர் லோடர் ஒருபக்கம் சாய்கிறதா?
சிலிண்டரைக் கழற்றும் முன் நாடாவை எடுங்கள்

தொழுவத்து எருவை அள்ளி டிரெய்லரில் போடவும், ஏரி வண்டலை வயலில் கொட்டிப் பரப்பவும், தென்னந்தோப்பில் குவியும் மட்டைகளை ஒதுக்கவும் ஆள் கிடைப்பது அரிதாகிவிட்டது. ஆகவே மினி டிராக்டர் வைத்திருக்கும் விவசாயிகள் சிலர் அதன் முன்புறத்தில் லோடர் பொருத்திக் கொள்கின்றனர். பத்து ஆள் கூடை சுமந்து செய்த வேலையை ஒருவர் இருக்கையில் அமர்ந்தபடி செய்துவிடலாம் என்பது இதில் உள்ள பெரும் வசதி.

ஆனால் லோடர் பொருத்தி ஓரிரு பருவம் ஆனதும் பலர் ஒரே குறையைக் கூறுகின்றனர். பக்கெட்டைத் தரையில் இறக்கினால் ஒரு மூலை தரையைத் தொடுகிறது. மறு மூலை இரண்டு விரல் உயரத்தில் நிற்கிறது. மண்ணை நிரவினால் ஒருபக்கம் பள்ளமும் ஒருபக்கம் மேடுமாக விழுகிறது. பாரம் ஏற்றித் தூக்கினால் வண்டியே ஒருபக்கம் சாய்வதுபோல் தோன்றுகிறது.

இந்நிலையில் பட்டறைக்குச் செல்லும் விவசாயிக்குப் பெரும்பாலும் கிடைக்கும் பதில், "ஒரு பக்கத்துச் சிலிண்டர் சீல் போயிருச்சுண்ணே, மாத்திடலாம்" என்பதுதான். சீல் மாற்றப்படுகிறது, புது ஆயிலும் ஊற்றப்படுகிறது. பணமும் இரண்டு மூன்று நாள் வேலையும் போன பிறகு பக்கெட்டை இறக்கிப் பார்த்தால் அதே மூலை அதே அளவு தாழ்ந்து நிற்கிறது. காரணம், கோளாறு சிலிண்டரில் இல்லை. அது பெரிய டயரின் காற்றில் இருக்கலாம். தளர்ந்த போல்ட்டில் இருக்கலாம். கிரீஸ் காணாத ஒரு முளையில் இருக்கலாம். எங்கே இருக்கிறது என்பதை ஓர் அளவு நாடாவைக் கொண்டு அரை மணி நேரத்தில் விவசாயியே கண்டுபிடித்துவிட முடியும்.

சிலிண்டர் மீது பழி ஏன் தவறு?

லோடரில் இரண்டு இரும்புக் கைகள் உள்ளன. இவற்றைத் தூக்குவதற்குப் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு ஹைட்ராலிக் சிலிண்டர்கள் உள்ளன. பக்கெட்டை நிமிர்த்தவும் கவிழ்க்கவும் தனியாக ஒன்று அல்லது இரண்டு சிலிண்டர்கள் இருக்கும்.

தூக்கும் சிலிண்டர்கள் இரண்டுக்கும் ஒரே வால்விலிருந்துதான் ஆயில் பிரிந்து செல்கிறது. அடைபட்ட திரவத்தில் அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும் என்பது 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் கண்ட விதி. அதன்படி இரு சிலிண்டர்களிலும் அழுத்தம் ஒன்றே. மேலும், இரண்டு கைகளையும் ஒரு கனமான குறுக்குக் குழாய் வெல்டிங் மூலம் ஒன்றாகப் பிணைத்திருக்கிறது. எனவே கைகள் இரண்டும் ஒரே சட்டமாகவே ஏறி இறங்கும். ஒரு சிலிண்டரில் சீல் கசிந்தால் அந்தப் பக்கம் மட்டும் தாழாது. சட்டம் முழுவதும், இரு பக்கமும் சேர்ந்து, மெதுவாக இறங்கும்.

ஆகவே பொதுவாகச் சொன்னால், லோடர் தானாக இறங்கினால் வால்வு அல்லது சிலிண்டரைச் சந்தேகிக்கலாம். இறங்காமல், ஒரே அளவில் எப்போதும் சாய்ந்து நின்றால் காரணத்தை வேறிடத்தில் தேட வேண்டும்.

முதலில் பாதுகாப்பு

அளவெடுக்கும் முன் சில விதிகளைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்க வேண்டும்.

தூக்கி நிற்கும் லோடரின் கீழ் கையையோ காலையோ தலையையோ நீட்டக்கூடாது. ஹோஸ் ஒன்று வெடித்தால் நகர்ந்து கொள்ள நேரம் இருக்காது. செங்கல்லையோ கருங்கல்லையோ முட்டுக் கொடுத்து நம்பக்கூடாது. தூக்கிய நிலையில்தான் வேலை செய்தாக வேண்டுமென்றால், லோடருடன் வரும் பாதுகாப்புத் தாங்கியைப் பொருத்திய பிறகே செய்ய வேண்டும்.

முளையைத் தட்டுவதற்கும் போல்ட்டைத் தளர்த்துவதற்கும் முன் பக்கெட்டைத் தரையில் அமர்த்தி, எஞ்சினை நிறுத்தி, கைப்பிரேக் போட்டு, லோடர் லிவரை எல்லாப் பக்கமும் இரண்டு மூன்று முறை அசைக்க வேண்டும். குழாய்களில் தேங்கிய அழுத்தம் இதனால் வெளியேறும்.

ஆயில் கசிவை விரலால் தடவித் தேடக்கூடாது. ஊசித்துளை வழியாகப் பீறிடும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே சென்றுவிடும். வெளியே சிறு புள்ளி மட்டுமே தெரியும். முதலில் வலியும் அதிகம் இராது. ஆனால் உள்ளே சதை அழுகத் தொடங்கும். இவ்வாறு நேர்ந்தால் காலம் தாழ்த்தாமல் உடனே மருத்துவமனைக்குச் சென்று, ஹைட்ராலிக் ஆயில் ஏறியிருக்கிறது என்று சொல்ல வேண்டும். கசிவைத் தேட ஓர் அட்டைத் துண்டே போதும்.

தரையா, வண்டியா?

அளவெடுக்கச் சிமென்ட் உலர்களம் ஏற்ற இடம். ஆனால் களமும் மழைநீர் வடிவதற்காகச் சற்று வாட்டமாகவே போடப்பட்டிருக்கும். வாட்டம் ஒரே சீராக இருந்தால் தொல்லை இல்லை. பெரிய சக்கரம் நிற்கும் இடத்தில் ஒரு வாட்டமும், பக்கெட் இறங்கும் இடத்தில் வேறு வாட்டமும் இருந்தால்தான் பொய்யான சாய்வு தெரியும்.

இதை அறிய எளிய வழி உண்டு. பக்கெட்டின் இரு மூலைகளும் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் உள்ளன என்று குறித்துக் கொள்ள வேண்டும். பிறகு வண்டியைக் களத்தின் முற்றிலும் வேறோர் இடத்துக்கு நகர்த்தி நிறுத்தி மீண்டும் அளக்க வேண்டும். இரண்டு முறையும் ஓட்டுநரின் இடக்கைப் பக்கமே ஒரே அளவு தாழ்ந்திருந்தால் குறை வண்டியில் உள்ளது. அளவு பெரிதும் மாறினாலோ, தாழ்வு மறு பக்கத்துக்குப் போனாலோ குறை தரையில் உள்ளது. வேறு இடம் பார்க்க வேண்டும். கொத்தனாரின் ரசமட்டத்தை மட்டும் பக்கெட் மீது வைத்துப் பார்த்து முடிவு செய்யக்கூடாது. அது பூமியின் மட்டத்தைக் காட்டுமே தவிர, வண்டிக்கும் பக்கெட்டுக்கும் உள்ள உறவைக் காட்டாது.

பெரிய டயர்தான் முதல் சந்தேகம்

பக்கெட் முன்னால் இருப்பதால், சாய்வுக்குச் சிறிய டயரே காரணம் என்று பலர் எண்ணுகின்றனர். இது சரியன்று. டிராக்டரின் முன் அச்சு நடுவில் ஒரே ஒரு முளையில் ஊசலாடும்படி அமைக்கப்பட்டுள்ளது. வரப்பில் ஒரு சிறிய சக்கரம் ஏறினாலும் வண்டியின் உடல் சாயாமல் இருப்பதற்காகவே இந்த ஏற்பாடு. ஆகவே சிறிய டயர் ஒன்றில் காற்று குறைந்தால் முன் அச்சு சாயும். வண்டியின் உடல் முன்பக்கம் சற்றுத் தாழுமே தவிரப் பக்கவாட்டில் சாயாது.

வண்டியின் உடலைப் பக்கவாட்டில் தாங்கி நிற்பவை பின்னால் உள்ள பெரிய சக்கரங்கள் இரண்டுமே. லோடரின் தூண்கள் அந்த உடலோடுதான் பிணைக்கப்பட்டுள்ளன. எனவே பின்னால் இடது பெரிய டயர் தாழ்ந்தால் முன்னால் பக்கெட்டின் இடது மூலை தாழும். காற்று குறைவது ஒரு காரணம். ஒரு டயர் புதியதாகவும் மற்றது தேய்ந்ததாகவும் இருப்பது இன்னொரு காரணம். சிமென்ட் தரையில் புது டயர் தன் புடைப்புகளின் மேல் நிற்கும். தேய்ந்த டயர் அந்த அளவுக்குத் தாழ்ந்து நிற்கும். இரு பக்கமும் வெவ்வேறு அளவு அல்லது வெவ்வேறு தயாரிப்பு டயர் மாட்டியிருந்தாலும் இதே கதைதான்.

ஆகவே வேறு எதையும் தொடும் முன், கையேட்டில் கூறியுள்ள அளவுக்கு நான்கு டயர்களிலும் காற்றை மானி வைத்துச் சரிசெய்துவிட வேண்டும். கண்ணால் பார்த்தோ காலால் உதைத்தோ காற்றை மதிப்பிடுவது ஏமாற்றமே தரும்.

நான்கு இடத்தில் அளவு

காற்றைச் சரிசெய்த பிறகும் சாய்வு இருந்தால், கீழிருந்து மேலாக நான்கு இடங்களில், இடதும் வலதுமாக அளவெடுக்க வேண்டும். பக்கெட்டைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் மட்டமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டு, பக்கவாட்டில் நின்று அளக்க வேண்டும்.

1. பெரிய சக்கரங்களின் அச்சு நடுவிலிருந்து தரை வரை.

2. லோடரின் கை தூணோடு சேரும் இடத்தில் உள்ள முளையின் நடுவிலிருந்து தரை வரை. மெக்கானிக்குகள் 'பின்' என்று கூறும் உருண்டை இரும்பே இங்கு முளை எனப்படுகிறது.

3. கையின் முன் நுனியில், பக்கெட்டைத் தாங்கும் முளையின் நடுவிலிருந்து தரை வரை.

4. பக்கெட்டின் வெட்டுத் தகட்டின் இரு மூலைகளிலிருந்து தரை வரை.

ஒவ்வோர் இடத்திலும் இடது, வலது அளவுகளுக்கு உள்ள வித்தியாசத்தை எழுதிக்கொள்ள வேண்டும். கூடவே, அளந்த இரு புள்ளிகளுக்கு இடையே உள்ள அகலத்தையும் குறிக்க வேண்டும். ஏனெனில் ஒரே சாய்வு, அகலமான இடத்தில் பெரிதாகவும் குறுகலான இடத்தில் சிறிதாகவும் தெரியும். வித்தியாசத்தை அகலத்தால் வகுத்து, மீட்டருக்கு எத்தனை சென்டிமீட்டர் என்று பார்த்தால்தான் நான்கு இடங்களையும் ஒப்பிட முடியும்.

எடுத்துக்காட்டாக, ஒரு வண்டியில் அச்சு நடுவில் வித்தியாசம் 2 செ.மீ., அகலம் 100 செ.மீ. தூண் முளையில் வித்தியாசம் 1.2 செ.மீ., அகலம் 60 செ.மீ. முன் நுனி முளையில் வித்தியாசம் 1.6 செ.மீ., அகலம் 80 செ.மீ. பக்கெட் மூலைகளில் வித்தியாசம் 2.4 செ.மீ., அகலம் 120 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். பார்த்தவுடன் பக்கெட்டில்தான் அதிகக் கோணல் என்று தோன்றும். வகுத்துப் பார்த்தால் நான்கு இடத்திலும் மீட்டருக்கு 2 செ.மீ. என்றே வரும். அதாவது சாய்வு முழுவதும் பெரிய டயரிலிருந்தே வருகிறது. லோடரில் ஒரு குறையும் இல்லை.

சாய்வு முதன்முதலில் எந்த இடத்தில் தோன்றுகிறதோ, கோளாறு அங்கேதான் இருக்கிறது என்பதே இந்த முறையின் அடிப்படை. முதல் இடத்திலேயே தோன்றினால் டயர். அச்சு சமமாக இருந்து தூண் முளையில் தோன்றினால், லோடர் வண்டியோடு சேரும் பொருத்து. தூண் வரை சமமாக இருந்து முன் நுனியில் தோன்றினால் கை, குறுக்குக் குழாய் அல்லது பின்னால் உள்ள முளைகள். முன் நுனி வரை சமமாக இருந்து பக்கெட் மூலையில் மட்டும் தோன்றினால் பக்கெட், அதன் முளைகள் அல்லது கவிழ்க்கும் சிலிண்டர்.

இறுதியாகச் சிலிண்டருக்கும் ஒரு சோதனை உண்டு. பக்கெட்டை அதே ஒரு சாண் உயரத்தில் எஞ்சினை அணைத்தபடி 10 நிமிடம் விட்டு, மூலைகளை மீண்டும் அளக்க வேண்டும். இரு மூலைகளும் சேர்ந்து சற்று இறங்கியிருந்து, அவற்றுக்கிடையே உள்ள வித்தியாசம் மாறாமல் இருந்தால், கசிவு வேறு, சாய்வு வேறு. சிறிதளவு இறக்கம் எல்லா லோடரிலும் இருக்கும். கண்முன்னே இறங்கினால் மட்டும் வால்வையும் சிலிண்டர்களையும் டீலரிடம் காட்டிச் சோதிக்கலாம். அப்போதும் சாய்வை அதனோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டியதில்லை.

பொருத்தில் கோளாறு இருந்தால்

கழற்றி மாட்டும் லோடர்களில் இது அடிக்கடி நேர்வது. மாட்டும்போது ஒரு பக்கக் கொக்கியில் மண்கட்டியோ சிறு கல்லோ சிக்கிக்கொண்டால் அந்தப் பக்கம் முழுமையாக அமராது. பூட்டு முளையும் பாதி வரைதான் செல்லும். லோடரை மீண்டும் கழற்றி, இரு பக்கமும் துடைத்துப் பொருத்தினாலே சரியாகிவிடும். பக்கெட்டைக் கழற்றி மாட்டும் பொருத்திலும் இதையே கவனிக்க வேண்டும். பாதி பூட்டிய பக்கெட் சாய்வதோடு நிற்காது; பாரத்தோடு கழன்று விழுந்துவிடவும் கூடும்.

போல்ட் மூலம் நிலையாகப் பிணைத்த லோடரில், வேலையின் அதிர்ச்சியால் போல்ட்டுகள் தளர்கின்றன. புது லோடரில் முதல் சில மணி நேர வேலைக்குப் பின் எல்லாப் போல்ட்டுகளையும் மீண்டும் முறுக்க வேண்டும் என்று கையேடுகள் கூறுவது இதனால்தான். இதைச் செய்யாமல் விட்டுவிடுவோரே அதிகம். தளர்ந்த போல்ட்டின் ஓரத்தில் பெயின்ட் உரிந்து, துருப்பொடி செந்நிறமாகக் கசிந்திருக்கும்.

இதைச் சரிசெய்ய, பக்கெட்டை மட்டமான தரையில் முழுமையாக அமர்த்தி, அழுத்தத்தை வெளியேற்றி, தூண் பொருத்துகளின் போல்ட்டுகளை இருபக்கமும் சற்றே தளர்த்த வேண்டும். சட்டம் தானாக அமர்ந்தபின், ஒரு பக்கத்தை முழுதும் முறுக்கிவிட்டு மறுபக்கம் செல்லாமல், மாற்றி மாற்றி முறுக்க வேண்டும். முடிவில் கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ஸ்பேனரால் இறுக்குவது நல்லது. இழுபட்டு நீண்ட போல்ட்டை மீண்டும் போடக்கூடாது. அதே தரமுள்ள புதிய போல்ட்டையே வாங்கிப் போட வேண்டும்.

போல்ட் இறுக்கமாக இருந்தும் தூண் முளை சமமாக இல்லாவிட்டால், அடிச்சட்டம் வளைந்திருக்கலாம் அல்லது வெல்டிங் ஓரத்தில் விரிசல் விட்டிருக்கலாம். மண்ணைக் கழுவித் துடைத்து வெயிலில் வைத்துப் பார்த்தால் மயிரிழை விரிசலும் தெரியும். விரிசல் கண்டால் அன்றே வேலையை நிறுத்திவிட வேண்டும்.

முளையும் புஷ்ஷும் தேய்ந்தால்

பக்கெட் தரையில் இலேசாகப் படியும்படி வைத்து, எஞ்சினை அணைத்து, ஒரு மூலையின் அடியில் கடப்பாரையைக் கொடுத்து நெம்பிப் பார்க்கலாம். கை அசையாமல் பக்கெட் மட்டும் எவ்வளவு அசைகிறது என்பதே முளையின் ஆட்டம். இரு மூலைகளையும் இப்படிப் பார்த்தால் எந்தப் பக்கம் தேய்ந்துள்ளது என்பது புலப்படும்.

பின்னால் உள்ள முளையின் சிறு ஆட்டமும் முன்னால் பெரிதாகும். கையின் நீளம் 2 மீட்டர் என்றும், தூக்கும் சிலிண்டர் அதன் நடுவில் சேர்கிறது என்றும் கொண்டால், சிலிண்டர் முளையில் 3 மி.மீ. ஆட்டம் பக்கெட்டில் 6 மி.மீ. ஆட்டமாகத் தெரியும். இதனோடு மற்ற முளைகளின் ஆட்டமும் சேர்ந்தால் ஒரு விரல் அளவு சாய்வு வந்துவிடும்.

ஒரு பக்கம் மட்டும் ஏன் தேய்கிறது? பெரும்பாலும் அந்தப் பக்கக் கிரீஸ் நிப்பிள் அடைபட்டிருக்கும். கன் வைத்து அழுத்தினால் கிரீஸ் வெளியே வழியும், உள்ளே போகாது. ஏற்றியாகிவிட்டது என்று எண்ணி விட்டுவிடுகின்றனர். புதுக் கிரீஸ் முளையின் ஓரத்தில் பிதுங்கி வருவதைக் கண்ணால் பார்த்தால்தான் கிரீஸ் ஏறியதாகப் பொருள்.

தேய்ந்த முளையையும் புஷ்ஷையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பழைய முளைக்குப் புது புஷ் போட்டால் அது விரைவில் தேயும். சாதாரண இரும்புக் கம்பியை வெட்டி முளையாகப் போடுவது பொய்யான சிக்கனம். புஷ் அமரும் துளையே நீள்வட்டமாகிவிட்டால், அதில் வெல்டிங் வைத்து அரத்தால் ராவுவது பயன் தராது. லேத் பட்டறையில் துளையைச் சரிசெய்து, அளவுக்கேற்ற புஷ் போட வேண்டும்.

கை முறுகினால், தகடு கோணினால்

லோடர் நேராக முன்னால் உள்ள பாரத்தைத் தூக்கவே செய்யப்பட்டது. வேலி ஓரத்துக் கட்டையைப் பக்கெட்டின் ஒரு மூலையால் நெம்புவது, வரப்பை ஒரு மூலையால் வேகமாக இடிப்பது, பக்கெட்டைத் தரையில் அழுத்திக்கொண்டே வண்டியைத் திருப்புவது ஆகியவை குறுக்குக் குழாயை முறுக்கிவிடும். முறுகிய சட்டத்தைக் கட்டை வைத்து ஹைட்ராலிக் விசையாலேயே எதிர்ப்பக்கம் அழுத்தி நிமிர்த்த முயல்வோர் உண்டு. இது ஆபத்தானது. வெல்டிங் விட்டுப் போகலாம். கட்டை தெறித்து ஆளைத் தாக்கலாம். கழற்றி, அழுத்தி நிமிர்த்தும் வசதியுள்ள பட்டறையில் கொடுப்பதே முறை.

பக்கெட்டில் மட்டும் குறை இருந்தால், அதைத் தாங்கும் முளையிலிருந்து வெட்டுத் தகட்டின் ஓரம் வரை இரு பக்கமும் அளந்து பார்க்க வேண்டும். ஒரு மூலை தேய்ந்திருந்தால் அளவு குறையும். திருப்பிப் போடும் வகைத் தகடாக இருந்தால் திருப்பிப் போடலாம். இல்லாவிட்டால் புதுத் தகடு மாற்றலாம். இரண்டு கவிழ்க்கும் சிலிண்டர்கள் உள்ள லோடரில், ஒன்றின் தண்டு வளைந்தாலோ, மாற்றிப் போட்ட சிலிண்டரின் நீளம் வேறுபட்டாலோ பக்கெட் முறுகி நிற்கும். பக்கெட்டை முழுவதும் நிமிர்த்தி, இரு தண்டுகளும் வெளியே தெரியும் நீளத்தை அளந்தால் இது விளங்கிவிடும். சிலிண்டருக்குப் பழி உண்மையாகவே சேரும் இடம் இது ஒன்றுதான்.

வெல்டிங் செய்ய நேர்ந்தால் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். எர்த் கிளிப்பை வெல்டிங் செய்யும் இடத்துக்கு அருகிலேயே மாட்ட வேண்டும். இல்லாவிட்டால் மின்சாரம் முளைகளின் வழியே பாய்ந்து அவற்றைப் புண்ணாக்கும். சிலிண்டர் தண்டையும் ஹோஸ்களையும் ஈரச் சாக்கால் மூடிவிட வேண்டும். பளபளப்பான தண்டில் ஒரு பொறி ஒட்டிக்கொண்டாலும் அது ஏறி இறங்கும்போதெல்லாம் சீலை அறுக்கும். நல்ல சீல் இவ்வாறும் கெடுவதுண்டு.

சாய்வை ஏன் அலட்சியம் செய்யக்கூடாது?

பக்கெட்டின் அகலத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவு வேறுபாடு இருந்து, வேலையும் கெடாமல், அந்த அளவு நாளுக்கு நாள் கூடாமலும் இருந்தால் கவலைப்பட வேண்டியதில்லை. கூடிக்கொண்டே வந்தால் ஏதோ ஓர் உறுப்பு தளர்கிறது அல்லது முறுகுகிறது என்று பொருள். புது லோடரில் கண்டால், எடுத்த அளவுகளைத் தாளில் எழுதி உத்தரவாதக் காலத்துக்குள் டீலரிடம் கொடுக்க வேண்டும். "கோணலாக இருக்கிறது" என்று வாயால் சொல்வதைவிட, நான்கு இடத்து அளவுகளைக் காட்டுவது வலுவானது.

எல்லாவற்றிலும் மேலானது உயிர். முன் அச்சு ஊசலாடுவதால், டிராக்டர் பக்கவாட்டில் நான்கு காலில் நிற்பதில்லை. பெரிய சக்கரங்கள் இரண்டும் முன் அச்சின் நடு முளையும் சேர்ந்த முக்கோணத்தில்தான் நிற்கிறது. பக்கெட்டில் பாரம் ஏற்றி உயரத் தூக்கும்போது பின்புறம் இலேசாகிறது. எடையின் மையம் மேலே ஏறி, முக்கோணத்தின் குறுகிய முனைப் பக்கம் நகர்கிறது. அந்த நேரத்தில் பக்கெட்டும் ஒருபக்கம் சாய்ந்து, அதே பக்கத்துச் சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கினால் வண்டி கவிழ வேறொன்றும் வேண்டியதில்லை.

பாரத்தின் அளவையும் விவசாயிகள் குறைத்தே மதிப்பிடுகின்றனர். 0.2 கன மீட்டர் கொள்ளும் பக்கெட்டில் ஈர வண்டலை நிரப்பினால் 300 கிலோவுக்கும் மேல் இருக்கும். அதே பக்கெட்டில் மக்கிய தொழு உரம் இதில் பாதி எடைகூட இராது. எரு அள்ளிப் பழகிய கை, அதே அளவு வண்டலையும் அள்ளிவிடும். லோடரின் தூக்கும் திறன் எவ்வளவு என்று பார்த்து, வண்டலைப் பாதிப் பக்கெட்டாக அள்ளுவதே நல்லது. வண்டியின் பின்புறம் கையேடு கூறும் எதிர் எடையை மாட்டாமல் லோடர் வேலை செய்யக்கூடாது. பாரத்தோடு செல்லும்போது பக்கெட் தரையை ஒட்டியே இருக்க வேண்டும்; டிரெய்லர் அருகில் வந்த பிறகே தூக்க வேண்டும்.

கவனத்தில் கொள்ள வேண்டியவை

லோடர் வேலை நடக்கும் நாட்களில் காலையில் பெரிய டயர்களின் காற்றைப் பார்க்க வேண்டும். 8 அல்லது 10 மணி நேர வேலைக்கு ஒரு முறையும், சேற்றில் வேலை செய்த அன்று மாலையிலும் எல்லா முளைகளுக்கும் கிரீஸ் ஏற்ற வேண்டும். வாரம் ஒரு முறை தூண் போல்ட்டுகளையும் பூட்டு முளைகளையும் சோதிக்க வேண்டும். ஒரு பெரிய டயரை மாற்ற நேர்ந்தால் இரண்டையும் சேர்த்து மாற்றுவது நல்லது. வேலை முடிந்ததும் பக்கெட்டைத் தரையில் இறக்கிவிட்டே வண்டியை நிறுத்த வேண்டும்.

லோடர் நல்ல நிலையில் உள்ளபோதே மேற்கூறிய நான்கு அளவுகளையும் எடுத்து, கையேட்டின் உள்ளட்டையில் தேதியுடன் எழுதி வைப்பது மிகவும் பயன்தரும். பின்னாளில் சாய்வு தோன்றினால், எந்த இடத்து அளவு மாறியுள்ளது என்பதைப் பார்த்த உடனேயே கோளாறு பிடிபட்டுவிடும். தாமே தீர்க்க முடியாதபோது, தம் பகுதி வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தை அணுகி ஆலோசனை பெறலாம்.

காற்று, பொருத்து, முளை, கை, பக்கெட் என்று கீழிருந்து மேலாக வரிசையாகப் பார்த்து வந்தால், தேவையற்ற செலவு மிஞ்சும். வேலைக் காலத்தில் வண்டி பட்டறையில் கிடக்காது. இனி "சீல் மாத்திடலாம்" என்று யாராவது சொன்னால், விவசாயி அவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "எந்த இடத்தில் அளந்து பார்த்தீர்கள்?" என்பதே.